வேர்க்குரு போட்ட பானெட்: ஒரு மாரிஸ் மைனர் கழித்த இரண்டு குளிர்காலங்கள்

2023 ஏப்ரல் 15, சனிக்கிழமை காலை. வடமேற்கு லண்டனில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம், கான்கிரீட் பலகைகளை நிறுத்திக் கட்டிய வாடகைக் கராஜ்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் கதவைத் தூக்கி, உள்ளே நின்ற காரின் மேலிருந்த நீலத் தார்ப்பாயை நானும் அண்ணையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து விலக்கினோம். தார்ப்பாயின் உட்புறத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. நான்கரை மாதத்துக்கு முன் மழமழவென்று சாம்பல் நிறத்தில் விட்டுவிட்டுப் போன பானெட் முழுவதும் வேர்க்குரு போட்டிருந்தது. சிறு சிறு கொப்புளங்கள்; பாதிக்கு மேல் உச்சியில் ஒரு செம்மஞ்சள் புள்ளி.

அண்ணை ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் கிடந்த பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஸ்பிரே டப்பாவை எடுத்து, அதில் அச்சிட்டிருந்ததைப் படித்தார். "தம்பி, மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினேன். அதுதான் பிழை" என்றார்.

டப்பாவின் பிழை இல்லை என்பதற்குக் காரிலேயே சாட்சி இருந்தது. அதை நான் பார்த்துவிட்டேன். எங்கே பிழை என்பதும் ஓரளவு புரிந்துவிட்டது. அதனால்தான் உடனே வாய் திறக்கவில்லை.

காரும் ஆளும்

கார் 1967-இல் வந்த மாரிஸ் மைனர் 1000, இரண்டு கதவுகள், 1098 சிசி எஞ்சின். 1948-இல் அறிமுகமாகி 1970களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கு மேல் உற்பத்தியான வண்டி. அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பு. அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே வாடகைக்கு ஓடிய மைனர்களையும் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ்களையும் பார்த்து வளர்ந்தவர். போர்க்காலத்தில் பெட்ரோல் வராத ஆண்டுகளில் அந்த வண்டிகளைச் சொட்டுப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தப் புகையின் வாசம் இன்னும் நினைவிருக்கிறது என்பார். இலங்கைக்கும் இந்தக் காருக்கும் உள்ள உறவு அதோடு முடியவில்லை. 1990களில் இலங்கையின் காலி நகரில் ஒரு பட்டறை மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது. பிறந்த ஊருக்குப் பிறத்தியார் உதிரிபாகம் அனுப்பிய கதை.

நான் ஒரு கார்ப் பட்டறையில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பெயின்ட் அடிப்பவன். அண்ணைக்கு வெல்டிங் கைவந்த கலை, பெயின்ட் புதிது. 2022 கோடை முழுவதும் அவர் சில் பெட்டிகளையும் (கதவுகளுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டிகள்), பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடங்களையும், தரைத்தகட்டின் ஓரங்களையும் வெட்டி ஒட்டினார். மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். ஆகவே இந்த இடங்கள் போனால் வண்டியே போயிற்று. வெல்டிங் நவம்பரில் முடிந்தது. அந்தக் குளிரில் நிறம் அடிக்க முடியாது, வசந்தம் வரை காரை வைத்திருக்க வேண்டும். அப்போது அவர் தொலைபேசியில் கேட்டார்: "எப்படி வைப்பது?"

நான் பட்டறையில் வேலைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். "பிரைமர் அடித்து மூடி வையுங்கள் அண்ணை, போதும்" என்றேன்.

இந்த ஆய்வு அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

முதல் குளிர்காலம்: என்ன செய்யப்பட்டது

அண்ணை சொன்னதைச் செய்பவர். பானெட்டின் பழைய பெயின்டை உரிக்கும் திரவம் தடவி வெறும் தகடு வரை எடுத்தார். அதன்மேல் ஸ்பிரே டப்பாவில் வரும் எட்ச் பிரைமர் ஒரு கை (ஒரு முறை முழுவதும் பூசுவது ஒரு கை), அதன்மேல் அதே டப்பா வகையில் தடித்த ஹை-பில்டு பிரைமர் நான்கு கை. பின் மட்கார்டுகளின் கீழ்ப்பகுதியில் பள்ளங்களை நிரப்பப் பட்டி பார்த்து, அதற்கும் அதே பிரைமர். கூரையில் பழைய பெயின்ட் உறுதியாக இருந்ததால் தேய்த்து மட்டும் விட்டு, அதன் மேலேயே பிரைமர். பிறகு எல்லாவற்றையும் வாளித் தண்ணீர் வைத்து, நீர் உப்புத்தாளால் நனைத்துத் தேய்த்தார். கண்ணாடிபோல வந்தது. கடைசிக் கை அடித்தது நவம்பர் 27, ஞாயிறு மாலை. வெப்பநிலை 9 டிகிரி அளவில் இருந்ததாம்.

குளிரில் பிரைமர் காயவில்லையே என்று சிலிண்டரில் மாட்டும் எரிவாயு ஹீட்டரை உள்ளே வைத்துக் கதவை மூடினார். இரவு முழுவதும் எரிந்தது. மறுநாள் தார்ப்பாயால் இறுக்கிப் போர்த்தி, நான்கு பக்கமும் கயிறு கட்டினார். காருக்குள் ஈரம் உறிஞ்சும் வெள்ளைக் குருணை டப்பா ஒன்றையும் வைத்தார். அது சில வாரங்களில் உப்புநீராக நிரம்பி, ஏப்ரல் வரை அப்படியே இருந்தது.

இடது கதவு மட்டும் அங்கே இல்லை. அதில் ஒரு நெளிவு இருந்ததால் என் பட்டறைக்கு எடுத்துப் போயிருந்தேன். நெளிவை எடுத்து, அன்று வேறொரு வேலைக்குக் கலக்கி மிஞ்சியிருந்த எபாக்ஸி பிரைமரை இரண்டு கை அடித்து, டிசம்பர் முதல் வாரம் திரும்பக் கொண்டுவந்து காரில் மாட்டினேன். திட்டமிட்டுச் செய்ததில்லை; மிஞ்சியதை வீணாக்க வேண்டாமே என்று செய்தது. ஏப்ரலில் அந்தக் கதவுதான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கியது.

கராஜில் கண்டது

கதவில் ஒன்றுமில்லை. ஒரு கொப்புளம்கூட இல்லை. அதே கராஜ், அதே தார்ப்பாய், அதே குளிர்கால ஈரம்.

கூரையும் ஏறக்குறைய நலம். ஆனால் பழைய பெயின்டைச் சரித்துத் தேய்த்ததில் வெறும் தகடு தெரிந்த இரண்டு இடங்களில், அந்த எல்லைக்கோட்டை ஒட்டி மெல்லிய துரு வளையம். பின் மட்கார்டில் பட்டியின் ஓரம் உப்பியிருந்தது. பானெட் முழு நாசம்.

கூரையிலும் பானெட்டிலும் இருந்தது ஒரே டப்பா வகை. கூரையில் அதற்குக் கீழே ஐம்பத்தைந்து வருடப் பழைய பெயின்ட் இருந்தது. பானெட்டில் வெறும் இரும்பு. டப்பா கெட்டது என்றால் இரண்டும் கெட்டிருக்க வேண்டும்.

ஒரு கொப்புளத்தைப் பிளேடால் கீறினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. உள்ளே தகடு கறுப்பாக இருந்தது. நாங்கள் மற்ற இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அந்தக் கறுப்பு செம்மஞ்சளாக மாறத் தொடங்கியிருந்தது: மூடிய கொப்புளத்துக்குள் காற்றுக்கு ஏங்கிக் கிடந்த துரு, காற்றைக் கண்டதும் முழுத் துருவாயிற்று. பிறகு கட்டம் கீறும் சோதனை. பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதன்மேல் நாடாவை ஒட்டி இழுப்பது. பானெட்டில் கட்டங்கள் கொத்தாக நாடாவோடு வந்தன. கதவில் ஒரு கட்டமும் அசையவில்லை.

பானெட்டின் முன் ஓரத்தில்தான் அதைப் பார்த்தேன். அங்கே கொப்புளங்கள் சிதறிக் கிடக்கவில்லை; வரிசையாக இருந்தன. நான்கு வரிசை, சற்றுத் தள்ளி ஒரு பெருவிரல். ஒரு வலது கை. பிரைமர் அடிப்பதற்கு முந்தைய வாரம், வெறும் தகடாக இருந்த பானெட்டை இரண்டு பேர் தூக்கி மேசையில் வைத்தோம். அண்ணை கையுறை போட்டிருந்தார். அது என் கை.

வியர்வை உப்பு. பத்தொன்பது வருட அனுபவம் அந்த ஓரத்தில் ஐந்து விரலாகப் பதிந்திருந்தது.

பிரைமர் என்ற ஒரே சொல்

நாங்கள் பட்டறையில் பிரைமர் என்று சொல்வது குறைந்தது மூன்று வெவ்வேறு சரக்குகளை. எட்ச் பிரைமரில் அமிலம் உண்டு. தகட்டைக் கொஞ்சம் கடித்துப் பிடித்துக்கொள்ளும். மிக மெல்லிய படலம். பிடிப்பதுதான் அதன் வேலை, தடுப்பதல்ல. எபாக்ஸி இரண்டு டின்னாக வருவது. ஹார்டனரோடு, அதாவது இறுகவைக்கும் திரவத்தோடு, கலந்தால் பிசின் வலைபோலப் பின்னி இறுகும். நீர் எளிதில் புகாது. மூன்றாவது ஹை-பில்டு. கீறலையும் பள்ளத்தையும் நிரப்பத் தடிமனாக ஏறுவது.

இந்த மூன்றாவதில் பிசின் குறைவு, பொடி அதிகம். டால்க், சுண்ணாம்புப் பொடி போன்றவை. உப்புத்தாளில் மாவாக உதிர்வது அதனால்தான். பெயின்டருக்கு அது பிடிப்பதும் அதனால்தான். மாவாக உதிர்வது மாவைப்போலவே தண்ணீரையும் குடிக்கும். தேய்த்த ஹை-பில்டு மேல் ஒரு சொட்டு நீரை விட்டுப் பாருங்கள்: சற்று நேரத்தில் அந்த இடம் கருமையாகும். மண்பானையின் வெளிப்புறம் ஈரமாவதைப் போலத்தான். நிறம் அடித்து மூடும்வரை அது பூச்சு ஆகாது.

ஒரே சாம்பல் நிறத்தில் இவை எல்லாம் வருவது பெரிய தொல்லை. பார்வைக்குக் கார் மூடப்பட்டுவிட்டது போலத் தெரிகிறது. அண்ணைக்கு அப்படித்தான் தெரிந்தது. நான் "பிரைமர்" என்றபோது என் மனதில் இருந்தது எபாக்ஸி. கடையில் அவர் கைக்கு வந்தது ஹை-பில்டு. சொல் ஒன்றுதான்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

நான்கு வழிகளில். முதலாவது வாளியிலிருந்து. நனைத்துத் தேய்த்தபோது பிரைமர் குடித்த நீர் வெளியேற வெப்பமும் நேரமும் வேண்டும். நவம்பரில் இரண்டும் இல்லை. ஈரத்தோடு தார்ப்பாய் ஏறியது.

இரண்டாவது, ஹீட்டரிலிருந்து. இதைச் சொன்னபோது அண்ணை நம்பவில்லை. புரோபேன் எரியும்போது ஒரு கிலோவுக்கு 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியாகும். பள்ளிக்கூட வேதியியல் கணக்கு. ஓர் இரவில் மூன்று கிலோ எரிந்திருந்தால் ஏறக்குறைய ஐந்து லிட்டர் தண்ணீரை மூடிய கராஜுக்குள் தெளித்ததற்குச் சமம். காற்று விரைவில் சூடாகும், தகடு அவ்வளவு விரைவில் சூடாகாது. ஆவி போய் உட்கார்வது குளிர்ந்த இரும்பில்தான். காய வைக்க மூட்டிய நெருப்பு நனைத்தது. பிரைமரின் கரைப்பான் ஆவி நிறைந்த மூடிய அறையில் தீ எரித்ததும், அதன் கார்பன் மோனாக்சைடும் வேறு கதை. அவர் உயிரோடு கதவைத் திறந்து வெளியே வந்ததை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத வேண்டும்.

மூன்றாவது, வானிலை. இதுதான் இந்த நாட்டில் நிறுத்தி வைத்த கார்களைத் தின்பது. 2022 டிசம்பர் 7 முதல் பத்து நாள் கடுங்குளிர். 11-ஆம் தேதி இரவு லண்டனில் பனி கொட்டியது. 18, 19-இல் அட்லாண்டிக் காற்று திரும்பி, ஒரே நாளில் பத்து டிகிரிக்கு மேல் ஏறியது. வெளியே கோட்டைக் கழற்றினோம். கராஜுக்குள் இரும்பு மட்டும் இன்னும் பழைய குளிரிலேயே இருந்தது. ஈரமான வெதுவெதுப்பான காற்று அதன்மேல் பட்டால், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதுபோல் கார் வியர்க்கும். மழை படாமல், கூரைக்குக் கீழே.

நான்காவது தார்ப்பாய். மழைக்குக் கூரை இருக்கிறது. தூசிக்குத் துணி போதும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் செய்தது, வியர்த்த நீரை வெளியே விடாமல் பிடித்து வைத்தது மட்டுமே.

பிரைமருக்குள் புகுந்த நீர் தகட்டைத் தொட்டதும் உப்பு தன் வேலையைத் தொடங்குகிறது. கைரேகை உப்போ குழாய்நீரின் உப்போ, படலத்துக்குக் கீழே சிக்கியிருந்தால், அது வெளியிலிருந்து நீரை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும், சவ்வூடு பரவல். கொப்புளம் வட்டமாக எழுவது அந்த அழுத்தத்தால். என் ஐந்து விரல்கள் அவ்வளவு தெளிவாக விழுந்ததும் அதனால்தான்.

9 டிகிரியில் பூசியதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் 20 டிகிரியில் பூசியிருந்தாலும் ஹை-பில்டு ஹை-பில்டுதான்; முடிவு பெரிதாக மாறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மறுபடியும் முதலிலிருந்து

பானெட்டை மீண்டும் தகடுவரை எடுத்தோம். மணல் பீய்ச்ச வேண்டும் என்று அண்ணை விரும்பினார்; இவ்வளவு அகலத் தகட்டில் அழுத்தமாகப் பீய்ச்சினால் அலை அலையாக நெளிந்துவிடும் என்று மறுத்தேன். 80 எண் தாள் போட்ட சுழல் இயந்திரத்தால் தேய்த்து, துருக்குழிகளுக்கு மட்டும் சிறு முனையால் மணல். அதன் பிறகு பலர் தாண்டிப் போகும் ஒரு வேலை: சோப்பும் சுடுநீரும் விட்டுக் கழுவி உடனே வெப்பக்காற்றில் உலர்த்துவது. எண்ணெய் துடைக்கும் கரைப்பான் உப்பைக் கரைக்காது. உப்புக்குத் தண்ணீர்தான் வேண்டும். கழுவி உலர்ந்த பிறகு கரைப்பானால் இரண்டு துணி வைத்துத் துடைத்தோம், ஒன்று நனைக்க, ஒன்று எடுக்க. கையுறையோடு.

அன்றே என் பட்டறையின் அறையில், 22 டிகிரியில், எபாக்ஸி இரண்டு கை. உலர்ந்த பின் அளந்தால் 80 மைக்ரான் அளவில். இதைக் கராஜில் அடிக்க அண்ணையை நான் விடவில்லை. எபாக்ஸி ஹார்டனர் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். ஹை-பில்டில் இரண்டு டின் வகைக்குச் சேர்க்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. பிரிட்டனில் தொழில்வழி ஆஸ்துமாவுக்கு அது முதன்மைக் காரணங்களில் ஒன்று. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

ஒரு வாரம் இறுகவிட்டு, பட்டியை எபாக்ஸிக்கு மேல் பார்த்தோம். முன்பு பட்டி வெறும் தகட்டில் இருந்தது. பட்டியிலும் டால்க்தான், அதற்கும் தாகம் உண்டு. அதன்மேல் ஹை-பில்டு மூன்று கை. 320 எண் தாளால் உலர்வாகத் தேய்த்தோம். வாளி வெளியே இருந்தது.

அந்தக் கோடையிலேயே நிறம் அடித்திருக்கலாம். ஆனால் பின் ஸ்பிரிங் பிடிப்பில் முன்பு கண்ணில் படாத ஓர் ஓட்டை வெளிப்பட்டது. அதை முடிப்பதற்குள் செப்டம்பர். மறுபடி குளிர்காலம். இம்முறை தேய்த்து முடித்த ஹை-பில்டு மேல், செப்டம்பர் 30 அன்று எபாக்ஸியை நீர்க்கக் கரைத்து ஒரு கை முழுவதும் மூடினேன். வசந்தத்தில் அதை மறுபடி தேய்க்க வேண்டிவரும், அரை நாள் கூடுதல் வேலை. அந்த அரை நாளைக் கணக்குப் பார்த்துத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

இரண்டாவது குளிர்காலம்

வேண்டுமென்றே அதே கராஜில் வைத்தோம். அங்கே மின்சாரம் இல்லை. ஈரம் நீக்கும் கருவி வைக்க வழியில்லை. மின்சாரம் இருந்தால் உறிஞ்சும் சக்கரம் உள்ள வகையை வாங்கியிருப்பேன். கம்ப்ரசர் வகை 10 டிகிரிக்குக் கீழே சோம்பிவிடும். தரை கான்கிரீட்டிலிருந்து ஈரம் எழாமல் தடித்த பாலிதீன் விரித்து, அதன்மேல் காரைத் தாங்கிகளில் நிறுத்தினோம். காற்றுப் போகும் துணி உறை. கதவின் அடியில் ஒரு கைப்பிடி அளவு திறப்பு. அண்ணையின் அன்றாடக் காரை அந்தக் கராஜுக்குள் கொண்டுவரக் கூடாது. சாலையில் தூவிய உப்பைச் சுமந்து வந்து அங்கே சொட்டும்.

சில் பெட்டிகளுக்குள் துருத் தடுப்பு மெழுகை அப்போதே அடித்துவிடலாம் என்றார் அண்ணை. மாட்டேன் என்றேன். மெழுகு வழிந்து வெளியே ஒரு துளி வந்தாலும், நிறம் அடிக்கும் அன்று அந்த இடத்தில் பெயின்ட் மீன்கண்போலப் பிளந்து நிற்கும். இதில் எங்களுக்குள் இரண்டு நாள் பேச்சு இல்லை.

பானெட்டின் அடியில் ஒரு வெப்பமானி முனையை ஒட்டி, பேட்டரியில் ஓடும் பதிவுக் கருவியைத் தொங்கவிட்டேன். 2024 ஜனவரி நடுவில் ஒரு வாரம் உறைபனி. 21-ஆம் தேதி இரவு இஷா புயல் வந்து வெதுவெதுப்பைக் கொண்டுவந்தது. அன்று நள்ளிரவுக்குப் பின் கருவி காட்டியது: காற்று 11 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காடு, தகடு 4 டிகிரி. அந்தக் காற்றில் 9 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன்மீதும் நீர் படியும். கார் நனைந்திருக்கிறது, ஐயமே இல்லை. பெயின்ட் அடிப்பதற்குத் தகடு, நீர் படியத் தொடங்கும் அந்தப் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. இங்கே அது 5 டிகிரி கீழே கிடந்தது.

ஏப்ரல் 6, சனிக்கிழமை உறையை எடுத்தோம். பானெட் மழமழவென்று இருந்தது. கட்டம் கீறிப் பார்த்தேன், ஒன்றும் எழவில்லை. வலது பின் மட்கார்டின் கீழ் மூலையில் மட்டும் ஒரு பென்னி நாணயம் அளவுக்குத் துரு. முந்தைய ஆண்டு அந்த மூலையை வளைத்துத் தேய்க்கும்போது இரும்புவரை போயிருக்கிறேன். அதன்மேல் ஏறியது நீர்க்கக் கரைத்த ஒற்றைக் கை எபாக்ஸி மட்டுமே. இதுவும் என் கைதான். சுரண்டி, மறுபடி அடித்துச் சரிசெய்தேன்.

எபாக்ஸியின் மேல் மறுபூச்சுக்கான கெடு, நாங்கள் வாங்கிய சரக்கில், ஏழு நாள். அதன் பிறகு பளபளப்பான முகத்தில் அடுத்த பூச்சு ஒட்டாது. ஆறு மாதம் ஆனதற்கு 400 எண் தாள் போட்டு முழுக் காரையும் மங்கலாக்கினோம். மே 18 அன்று அல்மண்ட் கிரீன் ஏறியது. சில்களுக்கு மெழுகு ஜூனில்.

பானெட்டை மாட்டும் அன்று, தூக்குவதற்கு முன், அண்ணை ஒன்றும் சொல்லாமல் ஒரு ஜோடிக் கையுறையை என் பக்கம் தள்ளி வைத்தார்.